தங்கபுஷ்பம் சொல்லாமல் விட்ட சாட்சி

செக்கிங் மேசையில் நிற்பவர்களுக்குக் கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை; வாய் சும்மா இருக்கும். தைத்து வந்த டி-சர்ட்டை ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நூல் பிசிறை வெட்ட வேண்டும். குறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவைக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி இதைச் செய்யும் பெண்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். சீரியல் கதை, மாமியார் கதை, பிள்ளைகள் வாங்கிய மார்க். திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடத்துக்கு மேலாகச் செக்கிங்கில் நிற்கும் தங்கபுஷ்பம் பேசியது பெரும்பாலும் இயேசுவைப் பற்றி.

அவருக்குச் சொந்த ஊர் உடன்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். 2005இல் கணவர் அந்தோணிராஜோடும் ஒரு வயது மகள் ஜோதிகாவோடும் திருப்பூருக்கு வந்தார். அந்தோணிராஜ் ஓவர்லாக் மிஷினில் தைக்கும் டெய்லர். அவர் பிறந்தது கத்தோலிக்கக் குடும்பம், இவர் சி.எஸ்.ஐ.; திருப்பூரில் இருவரும் போனது ராயபுரத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நடக்கும் சிறிய சபைக்கு. கீழே நூல் கடை, நடுவில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ், அதற்கு மேலே சபை.

2009இல் ஜோதிகாவுக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை. கண் மஞ்சளாகி, நினைவு தப்பி, டாக்டர்களே ஒன்றும் சொல்ல முடியாமல் இருந்த நிலையில் தங்கபுஷ்பம் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபித்தார். பன்னிரண்டாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். அந்த மாதமே சபையில் எழுந்து நின்று, கர்த்தர் செய்ததை எல்லோர் முன்னாலும் சாட்சியாகச் சொன்னார். பிறகு வருடத்துக்கு ஐந்தாறு தடவையாவது சொன்னார். சபையில் மட்டுமல்ல, மினி பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், கம்பெனி டீ டைமில்.

இயேசுவைப் பற்றிய கைப்பிரதிகளும் கொடுப்பார். மஞ்சள், பச்சை, ரோஸ் நிறத் தாளில் அச்சடித்தவை. ஒடிசாவிலிருந்து வந்த பெண்களுக்கு இந்தியில் வைத்திருப்பார். வாங்கியவர்களில் சிலர் படித்தார்கள், சிலர் சூடான டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். டி-சர்ட்டின் கையை மடித்துத் தைக்கும் பிரிவில் ஒரு பெண், "இதே கலர்ல ஏற்கனவே ஒன்னு இருக்குதுங்க, வேற கலர் வந்தாக் குடுங்க" என்று மரியாதையாகத் திருப்பித் தருவாள். தங்கபுஷ்பம் கோபித்துக்கொண்டதில்லை. வேறு கலர் வந்தபோது மறக்காமல் கொடுத்தார்.

ஒருமுறை மேனேஜர் செந்தில்வேல் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஏனுங்க புஷ்பம், உங்க சாமி நல்ல சாமிதானுங்க. நான் குத்தம் சொல்லலீங்க. ஆனா பீஸ் பாக்கற நேரத்துல வேண்டாமுங்க. டீ டைம்ல பேசிக்குங்க."

"சரி சார்" என்றார். அன்று முதல் டீ டைமில் மட்டும் பேசினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷி என்று செந்தில்வேலுக்கு அவரிடம் மரியாதை கூடியது.

அவர் குடியிருந்தது மயிலாள் வீட்டு லைனில். இவர்கள் குடிவந்தபோது மயிலாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் நஞ்சப்பனுக்கு அறுபத்தைந்து. சேவூரில் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நெருப்பெரிச்சலுக்கு வந்து, முன்னால் தங்களுக்கு ஒரு வீடும் பின்னால் வரிசையாக ஆறு வாடகை வீடுகளும் கட்டியிருந்தார்கள். மகன் மகுடேஸ்வரன் அடுத்த தெருவில் பதினாறு மிஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்தார்.

தங்கபுஷ்பம் முதல் நாள் நஞ்சப்பனை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

"அம்முணி, இந்த ஊருல அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரருங்க. நீங்கதான் அண்ணாச்சி ஊட்டு ஆளுங்க. நான் எப்படி அண்ணாச்சி ஆவேன்?"

ஆனாலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் இரு குடும்பங்களும் ஒரே காம்பவுண்டில் இருந்தன. மயிலாள் வீட்டில் பொங்கல் வைத்தால் ஒரு கிண்ணம் பின்வீட்டுக்குப் போகும். கிறிஸ்துமஸுக்குத் தங்கபுஷ்பம் சுடும் முந்திரிக்கொத்து முன்வீட்டுக்கு வரும். கோயிலில் படைத்ததைத் தங்கபுஷ்பம் சாப்பிடமாட்டார் என்று தெரிந்து, மயிலாள் சாமிக்கு வைப்பதற்கு முன்பே எடுத்து ஒதுக்கிக் கொடுப்பார். இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. கைப்பிரதியை மட்டும் மயிலாள் வாங்கி, கண்ணாடி இல்லை என்று சொல்லி அலமாரியில் வைத்துவிடுவார்.

2019இல் நஞ்சப்பனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. வாரம் இரண்டு நாள், திங்களும் வியாழனும், ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணி நேரம் டயாலிசிஸ் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போகும்போது நடந்து போவார், வரும்போது மகுடேஸ்வரன் கைத்தாங்கலாகக் கூட்டிவருவார். அப்போதிருந்து வேலை முடிந்து வந்ததும் தங்கபுஷ்பம் முன்வீட்டுக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்கார ஆரம்பித்தார். முதலில் நலம் விசாரிக்கத்தான் போனார். ஒரு நாள் நஞ்சப்பனே கேட்டார்.

"ஞாயித்துக்கெழமை பாடிக்கிட்டு வருவீங்களே, அதப் பாடுங்க அம்முணி. கேட்டா மூச்சு உடறதுக்கு லேசா இருக்குது."

பாடினார். பாட்டுக்குப் பின் ஜெபம் வந்தது. மயிலாள் கதவோரத்தில் நின்று கும்பிட்டுக்கொள்வார். சுவரில் முருகன் படம் இருந்தது, அதன் கீழே உட்கார்ந்துதான் தங்கபுஷ்பம் ஜெபித்தார். நாலு வருடம் இப்படியே போயிற்று. அந்தப் பத்து நிமிடம் தன் வாழ்க்கையில் செய்த நல்ல ஊழியம் என்று தங்கபுஷ்பம் நினைத்தார். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம், 2023 மார்ச் மாதம் வரைக்கும்.

அந்த மாதம் ஒரு நாள் நஞ்சப்பன் ரொம்பவும் களைத்துப்போய் இருந்தார். ஊசி குத்திக் குத்திக் கை தடித்துப்போயிருந்தது.

"இன்னும் எத்தன நாளைக்குங்க அம்முணி இந்த மிஷின்ல போய்ப் படுக்கறது? உங்க சாமிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றார். பாதி விளையாட்டாகத்தான் கேட்டார்.

தங்கபுஷ்பம் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் சாப்பிடாமல் உபவாசம் இருந்தார். வேலைக்கும் போய் வந்தார். மாலையில் முன்வீட்டில் ஜெபிக்கும்போது குரல் உயர்ந்தது, கண்ணீர் வந்தது. ஜெபத்தின் நடுவே கண்ணை மூடியபடியே சொன்னார்.

"அண்ணாச்சி, கர்த்தர் எனக்குக் காட்டினாரு. இந்த மிஷின் இல்லாம நீங்க நடமாடுவீங்க."

மயிலாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நஞ்சப்பன் இரண்டு கையையும் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு தங்கபுஷ்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது தங்கபுஷ்பத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. கர்த்தர் எதைக் காட்டினார்? எதையாவது கண்டோமா? ஒன்றும் காணவில்லை. வார்த்தை வந்தது, சொல்லிவிட்டார். சபையில் பாஸ்டர் இப்படிச் சொல்வார், மற்றவர்களும் சொல்வார்கள். விசுவாசத்தில் சொன்னதுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருவதற்குள் முன்வீட்டில் படுத்துவிடுவார்கள். அந்த வாரம் அவர் அங்கே போகவில்லை. அந்த வாரத்தில்தான், வியாழக்கிழமை காலை, நஞ்சப்பன் மனைவியிடம் சொன்னார்:

"இன்னைக்கி வேண்டாம். ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. அந்த அம்முணி சொல்லிருக்குதல்ல, ஒரு நாளு பாக்கலாம்."

மகுடேஸ்வரனிடம், ஆஸ்பத்திரியில் மிஷின் ரிப்பேர் என்று போனில் தேதி மாற்றிவிட்டார்கள் என்றார். மகனுக்கும் அதே ஷிப்மென்ட் நெருக்கடி. அப்பா பொய் சொல்வார் என்று அவர் நினைக்கவில்லை. திங்கட்கிழமையும் போகவில்லை. புதன்கிழமை விடியும்போது நஞ்சப்பனுக்கு முகமும் காலும் வீங்கி, படுக்க முடியாமல் மூச்சுத் திணறியது. ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். மிஷின் போட்டு, எட்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து பதினெட்டாம் நாள் காலையில், வாசல் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

இரண்டு தடவை விட்டதால்தான் இப்படி ஆயிற்றா என்று மகுடேஸ்வரன் டாக்டரிடம் கேட்டார். இதயம் ஏற்கெனவே பலவீனமாகத்தான் இருந்தது, அதனால்தான் என்றும் சொல்ல முடியாது, அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மகுடேஸ்வரன் பின்வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை, வாசலுக்கு வெளியே நின்றார். தங்கபுஷ்பமும் அந்தோணிராஜும் எழுந்து வந்தார்கள்.

"உங்க மேல எனக்குக் கோவமில்லைன்னு சொன்னாப் பொய்யிங்க" என்றார். "எங்கப்பா நாலு வருசமா ஒரு நாளு தவறுனதில்லைங்க. எங்கிட்டப் பொய் சொன்னதுமில்லைங்க. உங்க சாமி காட்டுச்சுன்னு சொல்லிப்போட்டு நீங்க உங்க வேலையப் பாக்கப் போயிட்டீங்க. அவரு அதப் புடிச்சுக்கிட்டாருங்க. அம்மா ஆஸ்பத்திரியில வெச்சுத்தான் எங்கிட்டச் சொல்லுச்சு. இந்த மாசம் முடிய ஊட்டக் காலி பண்ணிக்குங்க. அம்மாகிட்ட வந்து நீங்க ஒன்னும் பேச வேண்டாமுங்க. வரட்டுங்களா."

திரும்பிப் போனார். அவ்வளவு கோபத்திலும் ஒரு 'ங்க' கூடக் குறையவில்லை. அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று பின்னாளில் தங்கபுஷ்பம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பாஸ்டர் கெட்ட மனிதர் அல்ல. பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சகோதரி, நீங்க கலங்காதீங்க. அந்த வீட்டுல விசுவாசம் முழுசா இருந்திருக்காது. ஒரு பக்கம் படத்த வெச்சுக்கிட்டு ஒரு பக்கம் ஜெபம் கேட்டா எப்படி?" என்றார்.

ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். ஆனால் தங்கபுஷ்பம் அதற்குமேல் நிற்காமல் மாடிப்படி இறங்கினார். அந்தோணிராஜ் பின்னால் வந்துகொண்டிருந்தார்.  வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவர் சொன்னார்:

"அன்னைக்கும் இதத்தான் சொன்னாவ."

"என்னைக்கு?"

"ஆசீருக்கு."

ஆசீர் அவர்களுடைய முதல் பிள்ளை. ஜோதிகா பிறப்பதற்கு முந்தின வருடம், மூன்று வயதில், மூளைக் காய்ச்சலில் இறந்தான். திருச்செந்தூர் ஆஸ்பத்திரியில் அவன் கிடந்தபோது, ஊருக்கு வந்திருந்த ஒரு பிரசங்கியார் கட்டிலருகே நின்று, இந்தப் பிள்ளை பிழைப்பான், கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார் என்று சொன்னார். இரண்டு நாளில் பிள்ளை போய்விட்டான். அடக்கத்துக்கும் அந்தப் பிரசங்கியார் வந்தார். தாயின் விசுவாசம் குறைவாக இருந்திருக்கும் என்று சொன்னார். தங்கபுஷ்பத்துக்கு அப்போது இருபத்தாறு வயது. ஊரை விட்டுத் திருப்பூருக்குக் கிளம்பி வந்ததில் வேலை ஒரு காரணம். அந்தத் தெருவில் தினமும் நடக்க முடியாமல் போனது இன்னொரு காரணம்.

"பதினாலு வருசமாச் சாட்சி சொல்லுத" என்றார் அந்தோணிராஜ். "ஜோதிகா பிழைச்சதச் சொல்லுத. ஆசீரப் பத்தி ஒரு நாளும் சொன்னதில்ல. நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"அதச் சொன்னா எவ நம்புவா?" என்று தங்கபுஷ்பம் கோபமாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவர் துணி துவைக்கப் போய்விட்டார். அவர் எப்போதுமே அதிகம் பேசுகிறவர் அல்ல.

அன்று முழுக்கத் தங்கபுஷ்பத்துக்கு அந்தோணிராஜ் மேல் கோபம், பாஸ்டர் மேல் கோபம், செத்துப்போன நஞ்சப்பன் மேலும் கோபம். ஏன் மகனிடம் பொய் சொன்னார்? யார் போக வேண்டாம் என்றது? நான் மிஷினை நிறுத்தச் சொன்னேனா? இப்படி எல்லாக் கேள்வியையும் கேட்டுப் பார்த்தார். கடைசியில் மிஞ்சியது ஒன்றுதான். 'காட்டினார்' என்று சொன்னது அவர். காட்டவில்லை என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் மகுடேஸ்வரனின் யூனிட்டுக்கு நடந்தார். கரண்ட் போய் மிஷின்கள் நின்றிருந்தன. டெய்லர்கள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மகுடேஸ்வரன் மட்டும் உள்ளே உட்கார்ந்து, வெட்டிய துணிக் கட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க."

தங்கபுஷ்பம் உட்காரவில்லை.

"வீடு கேட்டு வரல தம்பி. மாசக் கடைசில காலி பண்ணிருவோம். ஒண்ணு சொல்லணும், சொல்லிட்டுப் போயிருதேன். கர்த்தர் காட்டினாருன்னு ஒங்க அப்பாகிட்டச் சொன்னேன். அவரு எனக்கு ஒண்ணும் காட்டல. நானாச் சொன்னது. அண்ணாச்சி கேட்டாவ, எனக்குப் பதில் தெரியல, தெரியலன்னு சொல்ல வாய் வரல. தெரிஞ்ச மாதிரிச் சொல்லிட்டேன். அது பொய்யி. சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன்."

மகுடேஸ்வரன் கையில் இருந்த துணிக் கட்டைக் கீழே வைத்தார். 

"இதச் சொல்லோணும்னு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல." பிறகு, சொல்ல வேண்டும் என்று நினைத்து வராமலேயே, "எனக்கும் இப்படிச் சொன்னாவ" என்றார். ஆசீரைப் பற்றிச் சொன்னார். காய்ச்சல், ஆஸ்பத்திரி, பிரசங்கியார் சொன்னது, அடக்கத்தில் சொன்னது. இருபது வருடத்தில் குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அழவில்லை. செக்கிங்கில் ஒரு பீஸில் என்ன குறை என்று சூப்பர்வைசரிடம் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார்.

மகுடேஸ்வரன் கேட்டார்: "அப்பறம் ஏனுங்க அதே சாமியக் கும்படறீங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்படி ஒருவர் இதுவரை தங்கபுஷ்பத்திடம் கேட்டதில்லை. டீ டைமில் இத்தனை வருடம் பேசியும், யாரும் கேட்காத கேள்விக்குத்தான் அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"புள்ளைய அடக்கம் பண்ணிட்டு வந்து ரெண்டு நாள் நான் படுத்தே கெடந்தேன். சாமிய ஏசினேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். மூணாம் நாள் எந்திரிச்சு சோறு பொங்கினேன். எனக்கு அந்தத் தெம்பு வந்திருக்க நியாயமே இல்ல தம்பி. ஏசுத நேரத்துலயும் யாரோ பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டு இருந்த மாதிரி இருந்துச்சு. விட்டுட்டுப் போகல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். புள்ள ஏன் போனான், மக ஏன் பிழைச்சா, எனக்குத் தெரியாது."

கரண்ட் வந்தது. டெய்லர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். மகுடேஸ்வரன் எழுந்தார்.

"செரிங்க. சொல்லிப்போட்டீங்க. என்னால இப்ப ஒன்னும் சொல்ல முடியலீங்க" என்றார். வாசல் வரைக்கும் கூட வந்தார்.

மாதக் கடைசியில் அவர்கள் காலி செய்தார்கள். ராயபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு கிடைத்தது. பழைய வீட்டைவிடச் சிறியது. கம்பெனிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். சாமான் ஏற்றிய அன்று மயிலாள் வெளியே வரவில்லை. ஜன்னலில் அவருடைய சேலை நிறம் தெரிந்தது. தங்கபுஷ்பம் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

இரண்டு மாதம் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. செக்கிங் மேசையில் பக்கத்தில் நிற்பவர்கள், "ஒடம்பு செரியில்லீங்களா?" என்று கேட்டார்கள். மூன்றாம் மாதம் சபையில் அவருடைய பெயரைச் சாட்சிக்குக் கூப்பிட்டபோது எழுந்து போய், முதலில் ஆசீரைப் பற்றியும் பிறகு ஜோதிகாவைப் பற்றியும் சொன்னார். நஞ்சப்பனிடம் சொன்ன பொய்யையும் சொன்னார். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் உடனே ஒரு பாட்டுக்குப் போனார். அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் அவரைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. தங்கபுஷ்பம் சபையை விடவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சாட்சி சொன்ன அன்று படிக்கட்டில் ராமுத்தாய் என்ற பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். பிரசவத்தில் போன தன் குழந்தையைப் பற்றிச் சொல்ல அவளுக்கு ஆறு வருடமாக ஆள் கிடைக்கவில்லை. இருவரும் நூல் கடை வாசலில் வெயில் ஏறும்வரை நின்றார்கள்.

கைப்பிரதிகளை எடுத்து ஒரு நாள் உட்கார்ந்து படித்தார். இயேசுவிடம் வந்தால் நோய் தீரும், கடன் தீரும் என்று போட்டவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். மிச்சத்தைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். கேட்பவர்கள் குறைவு. ஆனால் டீ டைமில் பேச்சு நிற்கவில்லை. யாராவது உடம்பு சரியில்லாதவர்களுக்காக ஜெபிக்கச் சொன்னால், "டாக்டர் எப்ப வரச் சொல்லிருக்காரு? அந்தத் தேதிக்குப் போயிருவீங்களா?" என்று முதலில் கேட்பார். போவதாகச் சொன்னபிறகுதான் ஜெபிப்பார். அந்தத் தேதியன்று அவர்களுக்குப் போன் போட்டும் கேட்பார். "எங்கம்மாவே இவ்வளவு வெரட்டாதுங்க" என்று ஒரு பெண் அலுத்துக்கொண்டாள்.

2024 கடைசியில் மகுடேஸ்வரனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, அம்மாவுக்கு நாளைக்கி முட்டி ஆபரேஷனுங்க. உங்களப் பாக்கோணும்னு சொல்லுது. உங்களுக்கு வரத் தோதுப்படுங்களா?"

வேலை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். மயிலாள் மெலிந்திருந்தார். நெற்றியில் திருநீறு. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு பார்க்கிறார்கள். 

"அக்கா, என்ன மன்னிச்சிருங்க" என்றார் தங்கபுஷ்பம்.

"மகுடு எல்லாம் சொன்னானுங்க. அதுக்குக் கூப்புடல. எனக்குப் பயமா இருக்குது அம்முணி. மயக்க ஊசி போட்டா முழிப்பு வருமோ வராதோ. கந்தசாமியக் கும்பிட்டுட்டேன். நீங்களும் வந்து ஒரு வார்த்தை வேண்டிக்கிட்டா செரின்னு தோணுச்சு. ஆனா ஒன்னு, நல்லாப் போயிரும்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

"சொல்லமாட்டேன் அக்கா."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மயிலாளின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மகுடேஸ்வரன் கதவருகே நின்றிருந்தார்; வெளியே போகவில்லை.

"ஆண்டவரே, மயிலாக்காவுக்குப் பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு. நாளைக்கு என்ன நடக்கும்னு ஒமக்குத்தான் தெரியும். அக்காவ விட்டுட்டுப் போகாதேயும். டாக்டர் கை நடுங்காமப் பாத்துக்கிடும். ஆமென்."

மயிலாள் கண்ணைத் திறந்தார். "அவ்வளவுதானுங்களா? முன்னெல்லாம் ரொம்ப நேரம் பண்ணுவீங்களே."

"அவ்வளவுதான் அக்கா."

"இதே போதுமுங்க" என்ற மயிலாள், கொஞ்சம் பொறுத்து, "உங்க பையன் பேரு என்னங்க? மகுடு சொன்னான், எனக்குப் புதுப் பேரா இருந்துச்சு, மறந்து போச்சு" என்றார்.

தங்கபுஷ்பம் பெயரைச் சொன்னார். எந்த மாதம் பிறந்தான், யார் சாயல், என்ன பேசுவான் என்று மயிலாள் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் கோழியைப் பிடிக்க ஓடி வேலியில் சிக்கிய கதையைச் சொன்னபோது இருவருமே சிரித்தார்கள். மகுடேஸ்வரன் கேன்டீனுக்குப் போய் மூன்று டீ வாங்கி வந்து, ஒன்றைத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்து, இன்னொன்றை அம்மாவிடம் கொடுக்கப் போனார். ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று நர்ஸ் தடுத்தார். அதை அவரே குடித்தார்.

ஆபரேஷன் இரண்டரை மணி நேரம் ஆனது. மயிலாளுக்கு முழிப்பு வந்தது. வலது முட்டி சரியாகிவிட்டது. இடது முட்டியை இன்னொரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பழைய லைனில் ஒரு வீடு காலியானபோது, வருகிறீர்களா என்று மகுடேஸ்வரன் கேட்டார். ஜோதிகாவின் நர்சிங் காலேஜுக்கு ராயபுரம்தான் பக்கம் என்று தங்கபுஷ்பம் வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் கம்பெனிக்குப் போகும் வழியில் கொஞ்சம் முன்னதாகவே மயிலாள் வீட்டருகே இறங்கிக்கொள்கிறார். மயிலாளுக்கு அன்று கோயிலுக்குப் போக வேண்டும்; படி இறங்க ஒரு கை பிடிக்க வேண்டும். கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி உட்காரவைத்து, மெதுவாகப் போகும்படி டிரைவரிடம் சொல்லிவிட்டு, தங்கபுஷ்பம் எட்டரை மணி ஷிப்டுக்கு நடக்கிறார்.